ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு ஆகும்?



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். பெரிய கிராணி ஒரு மோரிஸ் மைனர் வைத்திருந்தால் அதுவே பெரிய விஷயம். நம்மவர்கள் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் சைக்கிள், இல்லையேல் தோட்டத்து லோரி, அதுவும் இல்லையேல் சாலை முனைவரை நடந்து போய் பஸ்ஸுக்குக் காத்திருப்பது. இன்று நிலைமை வேறு. பல தோட்டங்களின் பக்கம் பஸ் வருவதே இல்லை. பிள்ளையை இடைநிலைப்பள்ளியில் விடவும், தாயைக் கிளினிக்கிற்கு அழைத்துப் போகவும், வாரச் சாமான் வாங்கவும் நமக்கு ஒரு கார் வேண்டியிருக்கிறது. ஆடம்பரத்துக்காக அன்று, கால் இருப்பதைப் போலத் தேவையாகி விட்டது. ஆனால் நாம் வாங்குவது புதுக் காரா? பத்து, பதினைந்து, சில சமயம் இருபது வருடம் ஓடிய கார். கஞ்சிலும் சாகாவும் ஈஸ்வாராவும் இன்றும் நம் லயத்து வாசல்களில் நிற்கின்றன. கஞ்சில் 1994-இல் வந்து 2009-இல் உற்பத்தி நின்ற கார். ஆக, கடைசியாக வந்த கஞ்சில்கூட இன்று வயதான கார்தான்.

வயதான காரில் முதலில் நம்மைக் கைவிடும் பாகங்களில் ஒன்று ரேடியேட்டர். அதை மாற்ற எவ்வளவு செலவாகும் என்பதுதான் இன்றைய பேச்சு. விலையை மட்டும் சொல்லிவிட்டுப் போக ஒரு நிமிடம் போதும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அந்த விலைக்குப் பொருள் விளங்கும்.

எங்கள் மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை டவுனில் இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். டவுன் எங்களுக்கு ஒன்பது கட்டை தூரம். வீட்டில் இருப்பது ஒரு சிறிய கார், மூன்றாவது கையாக வாங்கியது. அது சில மாதங்களாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு போத்தல். பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. கடைசியில் தினமும் காலையில் குழாயடியில் ஒரு போத்தல் பிடித்து ஊற்றாமல் கார் கிளம்புவதில்லை என்றாகிவிட்டது. அது எங்களுக்கு வழக்கமாகவும் ஆகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் போல!

பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறை வைத்திருப்பவர் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பையன்தான். பார்த்தவுடனே, “அண்ணே, மேல் தொட்டி வெடிச்சிருக்கு. ஒட்டுப் போட்டா நிக்காது, மாத்திடுங்க,” என்றார். கணக்கும் எழுதிக் கொடுத்தார். ரேடியேட்டர் 190 வெள்ளி, மேல் கீழ் இரண்டு ரப்பர் குழாய்களும் 55 வெள்ளி, கூலண்ட் 40 வெள்ளி, கைக்கூலி 55 வெள்ளி. ஆக மொத்தம் 340 வெள்ளி.

அது பள்ளி திறக்கும் சமயம். சீருடை, சப்பாத்து, புத்தகப்பை என்று மூன்று பிள்ளைகளுக்கும் செலவு. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டோம். ஒருவர், ஓட்டையை அடைக்கும் மருந்து ஒன்று போத்தலில் வருகிறது, வாங்கி ஊற்றுங்கள் என்றார். இன்னொருவர், அதெல்லாம் எதற்கு, ஒரு கரண்டி மஞ்சள் தூள் போடுங்கள், அடைத்துக்கொள்ளும் என்றார். நாங்கள் மஞ்சள் தூளையும் போட்டோம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் ஒழுகல் நின்றது உண்மை. ஓட்டையை அடைக்கும் தூள், ஓட்டை எது, ரேடியேட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய் எது என்று பார்த்தா அடைக்கும்? இரண்டையும்தான் அடைக்கும்.

மூன்றாவது நாள் ஒரு வியாழக்கிழமை. மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியது. இன்னும் இரண்டு கட்டைதான், மெதுவாகப் போய்விடலாம் என்று ஓட்டினோம். நேயர்களே, எங்களுக்கு நட்டத்தைக் கொண்டு வந்தது ரேடியேட்டரில் விழுந்த ஓட்டை அன்று. அந்த இரண்டு கட்டை தூரந்தான். ஆவி கிளம்பியது, இஞ்சின் திணறியது, நின்றுவிட்டது. செம்பனைக் குலை ஏற்றி வந்த ஒரு லோரிக்காரர் நிறுத்தி மாமாவை ஏற்றிக்கொண்டு போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். அடுத்த நோயாளியின் முறை வந்துவிட்டதால், நான்கு மணி நேரம் இருக்க வேண்டியவர் அன்று இரண்டரை மணி நேரந்தான் இயந்திரத்தில் இருந்தார். சனிக்கிழமை வருவதற்குள் அவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. அந்த இரண்டு இரவுகளும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

காரின் கணக்கைச் சொல்கிறோம். இழுவை வண்டிக்கு 150 வெள்ளி. சூட்டில் இஞ்சினின் தலைப்பாகம் வளைந்துவிட்டது. அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த 180 வெள்ளி. கேஸ்கெட் வகையறா 190. ரேடியேட்டர் அதே 190. தெர்மோஸ்டாட் 35, ரப்பர் குழாய்கள் 55, எண்ணெயும் வடிகட்டியும் 110, கூலண்ட் 40. இஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கைக்கூலி 500. மொத்தம் 1,450 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி ஒரே வேலையில் போய்விட்டது என்று சொன்னால் போதும். மகளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. 340 வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் 1,110 வெள்ளியைக் கூடுதலாகக் கொடுத்தோம். அதற்கு வட்டி வேறு.

சரி, இந்த ரேடியேட்டர் என்னதான் செய்கிறது? இஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அப்படி எரிவதில் உண்டாகும் சக்தி முழுவதும் காரை ஓட்டுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியே போகிறது. மீதி சூடாக இஞ்சினிலேயே தங்கிவிடும். அந்தச் சூட்டை வெளியே எடுத்துச் செல்ல இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூடான தண்ணீர் காரின் முன்பக்கம் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, ஆறி, மறுபடி இஞ்சினுக்குப் போகிறது.

எப்படி ஆறுகிறது? சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். குவளையில் அப்படியே இருக்கும் தேத்தண்ணீர் ஆற வெகு நேரமாகும். அதையே மெல்லிய இழையாக உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று பட்டு உடனே சூடு தணிகிறது. ரேடியேட்டரும் இதைத்தான் செய்கிறது. தண்ணீரைப் பல மெல்லிய குழாய்களில் பிரித்து விடுகிறது. அந்தக் குழாய்களுக்கு இடையே மீன் செதிலைப் போல மெல்லிய தகடுகள். கார் ஓடும்போது காற்று அவற்றின் இடையே புகுந்து போகிறது. கார் நிற்கும்போது பின்னால் இருக்கும் விசிறி அந்த வேலையைச் செய்கிறது.

நம் தோட்டத்துச் சாலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் செம்மண் தூசி, போதாக்குறைக்குப் பூச்சிகள். இவையெல்லாம் அந்தத் தகடுகளுக்கிடையே போய் அப்பிக்கொள்கின்றன. பிறகு காற்று எப்படிப் புகும்? மாதம் ஒரு முறை, இஞ்சின் ஆறிய பிறகு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவினால் போதும். கார் கழுவும் கடையில் வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைக் கிட்டே கொண்டு போய் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். அதற்குக் கழுவாமலே இருக்கலாம்.

அடுத்து மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதல்லவா, அதைப் போலத்தான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும். இந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய 120 பாகைவரை கொதிக்காமல் தாக்குப் பிடிக்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். புது மூடி வாங்கும்போது அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டாலே தண்ணீர் குறையும், கார் சூடாகும். இருபது வெள்ளிக்குள் முடியும் கோளாறுக்கு ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இந்த மூடியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. கார் சூடேறி நிற்கும்போது அதைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டவுடன் உள்ளே இருப்பது ஒரே மூச்சில் ஆவியாகக் கொதித்து முகத்திலும் மார்பிலும் அடிக்கும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்து நிற்பார்கள். அவர்களை முதலில் தள்ளி நிறுத்துங்கள். குளிர்சாதனத்தை அடைத்து, இஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். மேல் ரப்பர் குழாயைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். அதன் பிறகு கனத்த துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடக்கூடும். ஒருவேளை யாருக்காவது சூடு பட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, பிறகு மருத்துவரிடம் போங்கள். பற்பசையோ கிச்சாப்போ தடவ வேண்டாம். நம் வீடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

முன்பெல்லாம் ரேடியேட்டர் செம்பிலும் பித்தளையிலும் செய்யப்பட்டது. ஓட்டை விழுந்தால் டவுனில் ஈயம் பற்ற வைக்கிற கடை இருக்கும். சில வெள்ளியில் வேலை முடியும், இன்னும் பல வருடம் ஓடும். நம்மில் மூத்தவர்கள் அந்த நினைவில்தான் இன்றும், “ஒட்டுப் போட்டுக் கொடு, தம்பி,” என்று கேட்கிறார்கள். இன்றைய ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம். இரு முனைகளிலும் இருக்கும் தொட்டிகள் பிளாஸ்டிக். இடையில் ஒரு ரப்பர் பட்டையை வைத்து, அலுமினிய விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். பல வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் நிறம் மாறி, காய்ந்த ஓலையைப் போல நொறுங்கத் தொடங்கும். அதில் ஈயம் ஒட்டாது. பசை போட்டால் அழுத்தம் தாங்காது. அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள். இதில் பட்டறைக்காரர் நம்மை ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆனால், தண்ணீர் குறைகிறது என்றவுடனே ரேடியேட்டர்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். தண்ணீர் பம்ப் ஒழுகலாம். விசிறி ஓடாமல் இருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பட்டறையில் கையால் அடிக்கும் ஒரு சிறு பம்ப் இருக்கும். அதை மூடியின் இடத்தில் பொருத்தி அழுத்தம் கொடுத்தால், எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். “சோதித்துக் காட்டுங்கள்,” என்று கேட்பதில் தவறில்லை. வீட்டிலும் ஒரு வழி உண்டு. இரவில் காருக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் எந்த இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஈரம் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இனி விலைக்கு வருவோம். ஒரே காருக்கு மூன்று விதமான ரேடியேட்டர் கிடைக்கும். கார் கம்பெனியின் அசல் சாமான் ஒன்று. வேறு தொழிற்சாலைகள் அதே அளவில் செய்வது இன்னொன்று. உடைத்த காரிலிருந்து எடுத்த பழைய சாமான் மூன்றாவது. எங்களுடைய 190 வெள்ளி இரண்டாவது வகைக்குக் கொடுத்தது. அசல் சாமான் அதைவிடக் கணிசமாகக் கூடும். பெரிய கார்களுக்கு எல்லாமே கூடும். இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தால் ஒரே சாமானுக்கு வித்தியாசம் தெரியும். எங்கள் கருத்து இது: கதவும் கண்ணாடியும் பழைய சாமான் கடையில் வாங்கலாம், ரேடியேட்டரை வாங்கக் கூடாது. அதுவும் நம் காரின் வயதே ஆன பிளாஸ்டிக்தானே? இன்று மலிவாக வாங்கிப் பூட்டினால் கைக்கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டி வரும். இரண்டாவது வகையில் நல்லதைப் பார்த்து, எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்டு, இரசீதில் எழுதி வாங்கிக்கொள்வதே நம் வருமானத்துக்கு ஏற்றது.

ரேடியேட்டரைக் கழற்றும்போது ரப்பர் குழாய்களையும் மூடியையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அப்போது தனிக் கைக்கூலி ஆகாது. தெர்மோஸ்டாட்டும் பழசானால் அப்படியே. ஆனால் தண்ணீர் பம்ப், விசிறி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனால், ஏன் என்று கேளுங்கள். ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆட்டோ கார்களில் கியர் எண்ணெயும் ரேடியேட்டரின் ஒரு பகுதிக்குள் வந்துதான் ஆறுகிறது. உள்ளே ஓட்டை விழுந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் கலந்த கோப்பி போலாகிவிடும். அப்படிப் பார்த்தால் ஒரு கட்டைகூட ஓட்டாதீர்கள். கியர்ப்பெட்டியின் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

கூலண்ட் எதற்கு, நம் நாட்டில் தண்ணீர் உறைவதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உறைவதற்காக அன்று. உள்ளே இருக்கும் அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பதற்கு. ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் தினமும் ஊற்றினால், கேத்தலின் அடியில் படிவதைப் போல உள்ளே படிவம் கட்டும், துருவும் பிடிக்கும். அவசரத்துக்கு எந்த நல்ல தண்ணீரையும் ஊற்றலாம். வழக்கமாக வேண்டாம். மீதியாகும் கூலண்டை மினரல் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்காதீர்கள். அது விஷம். அதோடு இனிக்கவும் செய்யும். நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சர்பத் என்று குடித்துவிடக்கூடும். நாய்களும் நக்கும்.

பட்டறையில் வேலையைத் தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய ரேடியேட்டரைப் பார்க்கவும் கேளுங்கள். பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிப்பது பற்றி, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2002-இல் தனி விதிமுறைகளே வந்திருக்கின்றன. புதுச் சாமான் என்று சொல்லிப் பழையதைப் பூட்டினாலோ, செய்யாத வேலைக்குக் காசு வாங்கினாலோ, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மனுவுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று வருடத்துக்குள் கொண்டு போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே அவர்களுக்கு வாதாட இடமும் இல்லை. ஆனால் கையில் இரசீது இருக்க வேண்டும். வாயால் சொன்ன விலைக்கு எந்த மன்றத்தில் சாட்சி தேடுவது?

எங்கள் கார் இப்போது ஓடுகிறது. சங்கிலியை மீட்க ஏழு மாதமானது. காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது முன்மூடியைத் திறந்து, வெள்ளைப் போத்தலில் தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவர் பார்த்து, “சரி, கிளம்பலாம்,” என்று சொன்ன பிறகுதான் நாங்கள் சாவியைக் கையில் எடுக்கிறோம்.